கடைசி ஹூட்டருக்கு எட்டும் வோல்ட்: வயர்மேன்களுக்கு ஒரு திறந்த மடல்



ஜவுளிக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே முதுகை வளைத்துத் தவழ்ந்து, தூசியும் ஒட்டடையும் தலையில் படியத் தீ எச்சரிக்கை மணிக்குக் கம்பி இழுத்து, இழுத்த கம்பி ஒருவர் கண்ணிலும் படாதவாறு பலகையை மூடிவிட்டு இறங்கி வரும் உங்களுக்கு, அதே ஏணியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியவன் என்ற ஒரே உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். கட்டடச் சொந்தக்காரருக்கு எழுதியிருக்கலாம். அவர் டெண்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தொகையை மட்டும் படிப்பார். இன்ஜினியருக்கு எழுதியிருக்கலாம், அவருக்கு இது காலேஜில் பரீட்சை எழுதிக் கடந்துவிட்ட சங்கதி. கடையிலிருந்து வந்திறங்கிய காயிலைப் பிரித்து, கம்பியின் முனையைச் சீவி, 'இது போதுமா, போதாதா' என்று விரலால் நெருடிப் பார்க்கும் சந்தர்ப்பம் உங்களைத் தவிர வேறு எவருக்கும் வாய்ப்பதில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் செய்யும் யோசனையைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, பெயர் வேண்டாம். முன்புறம் ஆபீஸ், நடுவே தையல் கூடம், பின்புறம் வெளியூர்ப் பெண்கள் தங்கியிருந்த மூன்று மாடி விடுதி. பேனல் வாசலில் வாட்ச்மேன் அறையில் இருந்தது. அங்கிருந்து ஒரே ஜோடிக் கம்பி 180 மீட்டர் ஓடி விடுதியை அடைந்து, அங்கே பத்து ஹூட்டர்களுக்குப் பிரிந்தது. கம்பி இழுத்தவர்கள் என்னிடம் வேலை பார்த்த பையன்கள். கம்பியை வாங்கிக் கொடுத்தவன் நான். ஒப்படைக்கும் தினத்தன்று சிவப்புக் கண்ணாடிப் பெட்டியை அழுத்தினோம், பத்து ஹூட்டரும் ஒருசேர அலறின, முதலாளி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கையெழுத்தும் ஆயிற்று.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மே மாதத்தில், லைன் அறுந்து ராத்திரி முழுவதும் கரண்ட் இல்லாமல் போய், தையல் கூடத்துக்கு மட்டும் என்று வாங்கியிருந்த ஜெனரேட்டரும் மௌனமாக நின்ற ஒரு விடியற்காலையில், விடுதிச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. நனைத்த சாக்கை எடுத்துப் போட்டுச் சமையற்காரம்மா அணைத்துவிட்டார். தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வாட்ச்மேன் அறைப் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, மாடியில் தூங்கிய பெண்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் நான் போய் நின்றபோது வார்டன் அம்மாள் சொன்ன வாக்கியத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை: "ஹூட்டர் அடிக்கலீங்க சார். பல்லி கத்தற மாதிரி டிக் டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதானுங்க."

கரண்ட் அப்போதும் வந்திருக்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்துப் பேனல் முனையில் வைத்தேன்: 21 வோல்ட். மணியை அடிக்கவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறிக் கடைசி ஹூட்டரின் முனையில் வைத்தேன்: 14-ஐ ஒட்டி ஊசலாடியது. மத்தியானம் கரண்ட் வந்தபின் அதையே மறுபடியும் அளந்தேன். பேனலில் 27, கடைசி ஹூட்டரில் 20. என்னோடு வந்த தம்பி, "அன்னைக்கு நல்லாத்தானே சார் அடிச்சுது" என்றான். அவன் சொன்னது சத்தியம். கரண்ட் இருந்த அன்றைக்கு நல்லாத்தான் அடித்தது.

நாங்கள் இழுத்திருந்தது 1 ஸ்கொயர் எம்.எம். கம்பி. அதைத் தேர்ந்தெடுத்தபோது நான் கேட்டுக்கொண்ட கேள்வியே தப்பு. வீட்டு வயரிங்கில் ஊறிப்போன நம் மனம் ஒரு கம்பியைக் கண்டதும் 'எத்தனை ஆம்பியர் தாங்கும், சூடாகுமா' என்றுதான் விசாரிக்கும். ஒரு ஹூட்டருக்கு 100 மில்லியாம்பியர் வீதம் பத்துக்கும் சேர்ந்து 1 ஆம்பியர். 1 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பியோ பத்து ஆம்பியரைக்கூடச் சிரமமின்றித் தாங்கும். ஆகவே தாராளம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சூடு என்ற ஒன்றைத் தவிர வேறு பகை கம்பிக்கு உண்டு என்பது, 230 வோல்ட்டிலேயே வாழ்நாளைக் கழிப்பவனுக்குத் தோன்றுவதில்லை. அங்கே வழியில் 6 வோல்ட் தொலைந்தால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஃபேன் சற்று மெதுவாகச் சுற்றும், அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். தீ எச்சரிக்கை லைன் ஓடும் 24 வோல்ட்டில் அதே 6 வோல்ட் கால் பங்கு. வோல்ட் குறைந்த இடத்தில் கம்பியும் மெலிந்திருக்கலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, உண்மை அதற்கு நேர் விரோதமானது. ஏழையின் மடியிலிருந்து விழும் காசுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கணக்கு ஒன்றும் பிரமாதமானதல்ல. ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த கியோர்க் சீமோன் ஓம் என்பவர் 1827-ல் வெளியிட்ட புத்தகத்தில் நிலைநாட்டிய விதி அது. சொந்த நாட்டுப் பண்டிதர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்லி பதக்கம் கொடுத்துக் கௌரவித்த பிறகே அவருடைய பெயர் ஓங்கிற்று. ஆம்பியரைக் கம்பியின் ஓம்மால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும், அவ்வளவுதான். கம்பியின் ஓம்மைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கிலோமீட்டர் நீளச் செம்புக் கம்பிக்கு 1 ஸ்கொயர் எம்.எம். என்றால் 18.1 ஓம், 1.5 என்றால் 12.1, 2.5 என்றால் 7.41 என்று உச்ச வரம்பு கட்டி உலகத் தர நிர்ணயத்தார் அட்டவணை போட்டிருக்கிறார்கள், நம் ஐ.எஸ். 8130-ம் அதே கணக்குத்தான். பல நூலிழைகளை முறுக்கிச் செய்த வளையும் கம்பியானால் சற்றுக் கூடுதல், 1.5-க்கு 13.3.

இதிலே பத்துக்கு ஐந்து பேர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. கேபிள் 180 மீட்டர் என்றால் கரண்ட் நடக்கும் தூரம் 180 அல்ல, 360. போன கம்பி வழியே போய், வந்த கம்பி வழியே திரும்பியாக வேண்டும். கேபிளின் உறை ஒன்றாக இருப்பதால் உள்ளே இரண்டு பேர் நடப்பது மறந்துபோகிறது.

ஆக, என் விடுதிக்கு 360 மீட்டர்; 1 ஸ்கொயர் எம்.எம்.முக்கு 6.5 ஓம், 1 ஆம்பியருக்கு 6.5 வோல்ட் சேதம். கரண்ட் இருக்கும்போது பேட்டரி சார்ஜர் 27 வோல்ட்டில் தாங்கி நிற்கும், 6.5 போனால் 20.5 மிச்சம், ஹூட்டர் அலறும். இனி, கரண்ட் போய் ஒரு நாள் முழுவதும் பேட்டரியை உறிஞ்சியாயிற்று என்று வையுங்கள். இரண்டு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து வாங்கும் 24 வோல்ட், கடைசிக் கட்டத்தில் 20.4-க்கு இறங்கிவிடும்; அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து. அமெரிக்காவில் பேனல்களைப் பரீட்சிப்பவர்கள் அந்த 20.4-ஐத்தான் ஆரம்பப் புள்ளியாகக் கொள்கிறார்கள். அவர்களுடைய சட்டப்படி 24 மணி நேரம் மௌனமாகக் காவல் இருந்த பிறகும் பேட்டரி 5 நிமிஷமாவது மணியை அடித்துக் காட்ட வேண்டும். மறுமுனையில், 24 வோல்ட் என்று பெயர் போட்ட ஹூட்டர் அவர்கள் நியமப்படி 16 முதல் 33 வோல்ட் வரை எதிலும் ஒலித்தாக வேண்டும். 20.4-க்கும் 16-க்கும் நடுவே இருக்கும் 4.4 வோல்ட்தான், சகோதரர்களே, உங்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் மொத்தச் செலவுப் பணம். நானோ 6.5-ஐச் செலவழித்தேன். 13.9 வோல்ட்டில் அது பல்லியாகாமல் வேறென்ன ஆகும்?

'சரி, 1.5 போட்டிருந்தால்?' என்று கேட்பீர்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் 4.36 வோல்ட் சேதம், மிச்சம் 16.04, மயிரிழையில் தேறுகிறது. கான்ட்ராக்டர் அதைக் காட்டித் தொகையையும் வாங்கிவிடலாம். ஆனால் அட்டவணையில் இருக்கும் 20 டிகிரி நம்முடைய 20 டிகிரி அல்ல. ஊட்டியில் மார்கழி மாதத்தில் கிடைக்கும் அந்தக் குளிர்ச்சி, மே மாதத்துத் திருப்பூரில் தகரக் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே கிடைக்குமா? செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் நான்கு பங்கு முரண்டு பிடிக்கும் வஸ்து. 40 டிகிரிக்கு வந்தால் எட்டு சதவீதம் ஓம் கூடி, 4.36 என்பது 4.7 ஆகி, கடைசி ஹூட்டருக்கு 15.7 வோல்ட்தான் எட்டும். வெளிநாட்டுக் கணக்கில் பாஸ், நம் ஊர் வெயிலில் ஃபெயில். 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தால் அதே 40 டிகிரியிலும் சேதம் 2.9 வோல்ட்டுக்குள் அடங்கி, 17.5 மிஞ்சியிருக்கும்.

தடித்த கம்பி ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. சில ஹூட்டர்களின் முனையில் 2.5-க்கு மேல் நுழையவே நுழையாது. பத்து ஹூட்டரையும் ஒரே ஜோடியில் தொங்கவிடாமல் ஐந்து ஐந்தாக இரண்டு ஜோடியில் பிரித்திருந்தால் சேதம் பாதியாகியிருக்கும். ஒரு லைன் அறுந்தாலும் மற்றொன்று கூவும். விடுதியிலேயே பேட்டரியோடு ஒரு துணைச் சப்ளைப் பெட்டி வைத்திருந்தால் 180 மீட்டர் என்ற பிரச்சினையே எழாது. ஹூட்டர்கள் வழிநெடுகச் சமதூரத்தில் பரவியிருந்தால் சேதம் ஏறக்குறையப் பாதிதான் என்பதும் உண்மை. என் விடுதியில் பத்தும் கடைசியில் கூடியிருந்தன. அதனால் அந்தச் சலுகை எனக்கில்லை. எப்படிப் பரவியிருந்தாலும் எல்லாம் கடைசியில் இருப்பதாகவே பாவித்துக் கணக்கிடுவது என் இப்போதைய வழக்கம். பட்டவன் வழக்கம் என்று கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் ஸ்கொயர் எம்.எம். கிடையாது. 3/20, 7/20 என்போம். மூன்று இழை, ஏழு இழை, ஒவ்வொன்றும் இருபதாம் நம்பர் கேஜ். நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும் என்ற விபரீதப் பாஷை அன்றைக்கே எங்களுக்குப் பாடமாகியிருந்தது. உங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனதால் இப்போது ஒரு புது ஆபத்து வந்திருக்கிறது. வெளிநாட்டுப் பேனல்களோடு வரும் புத்தகத்தில் அமெரிக்கக் கேஜ் 18, 16, 14 என்று அச்சிட்டிருப்பார்கள். 18 என்றால் 0.82 ஸ்கொயர் எம்.எம்., 16 என்றால் 1.31, 14 என்றால் 2.08. '14 போடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, '18-ஏ போட்டுட்டோம் சார், இன்னும் பெருசு' என்று ஒரு பையன் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. சிரிப்பு வரவில்லை. பழைய நம்பர் கேஜும் அமெரிக்கக் கேஜும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். இருபதாம் நம்பர் என்று நாங்கள் சொன்னதும் அவர்கள் சொல்வதும் தடிமனில் வேறு.

கம்பியின் மேல் 1.5 என்று அச்சிட்டிருப்பதாலேயே உள்ளே 1.5 இருந்துவிடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூர் மார்க்கெட் காலத்திலிருந்து நடந்துவரும் வியாபாரம் அது. 90 மீட்டர் காயிலின் இரு முனையையும் சீவி, சின்ன ஓம்மைச் சரியாகக் காட்டும் நல்ல மீட்டரில் அளந்து பாருங்கள், 1.5 வளையும் கம்பிக்கு 20 டிகிரியில் 1.2 ஓம்முக்கு மேல் காட்டக்கூடாது. 1.6, 1.7 காட்டினால் செம்பைத் திருடியிருக்கிறார்கள், அல்லது அலுமினியத்தின் மேல் செம்பைப் பூசியிருக்கிறார்கள். கடைக்காரர் முகம் வாடினால் வாடட்டும். இதே மீட்டரைக் கம்பி இழுத்து முடித்த பிறகும் வையுங்கள்: முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட், பத்து இருபது மீட்டர் கம்பி தின்பதைவிட அதிக வோல்ட்டைத் தனியாகத் தின்றுவிடும்.

டிடெக்டர் லைன்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புகை டிடெக்டர் சும்மா இருக்கும்போது குடிக்கும் கரண்ட் அற்ப சொற்பம், அங்கே 1.5 போடுவது வோல்ட்டுக்காக அல்ல, இழுக்கும்போது அறுந்துவிடாத பலத்துக்காக. ஒவ்வொரு டிடெக்டருக்கும் விலாசம் கொடுக்கும் புது மாதிரிப் பேனலானால், லூப்பின் மொத்த ஓம் எவ்வளவு, கம்பிகளுக்கு இடையிலான கொள்திறன் எவ்வளவு என்று தயாரித்தவர் வரம்பு கட்டியிருப்பார். அந்தப் புத்தகத்தைப் புரட்டுங்கள். அங்கே மிதமிஞ்சித் தடித்த கம்பி உதவியும் செய்யாது.

இனி வோல்ட் வரம்புக்கு வருகிறேன். இதிலே நம்மவர்களிடம் இரண்டு விதமான பிரமை உண்டு. ஐ.எஸ். 694 கம்பியின் மேல் 1100 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இது பலமான கம்பி, ஆகவே தூரமும் ஓடும் என்று நினைப்பது ஒரு பிரமை. 24 வோல்ட் லைனுக்கு 1100 வோல்ட் கம்பி என்னத்துக்கு, டெலிபோன் கம்பியே போதாதா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் எளிது. ஸ்கொயர் எம்.எம். என்பது செம்பின் குணம். 1100 என்பது அதன் மேல் சுற்றிய தோலின் குணம். தோல் எவ்வளவு தடித்தாலும் கடைசி ஹூட்டருக்கு அரை வோல்ட்கூட அது கூட்டித் தராது.

இரண்டாவது பிரமைக்கு ஒரு லாட்ஜ் பதில் சொல்லிற்று. பழுது பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பேனலின் கார்டு கருகிக் கிடந்தது. டிடெக்டர்களுக்குப் போகும் ஜோன் லைனைக் கழற்றி, பழக்க தோஷத்தால் டெஸ்டரை அதன் முனையில் வைத்தேன். டெஸ்டரில் இருக்கும் நியான் விளக்கு 24 வோல்ட்டுக்கு எரியவே எரியாது. எரிந்தது. மேலே ஏறிப் பார்த்தால், காசை மிச்சம் பிடிக்க டெலிபோன் கம்பியை ஏ.சி. லைன் போகும் அதே பைப்பில் திணித்திருந்தார்கள்; எலி கடித்த இடத்தில் 230 வோல்ட் தன் பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அந்தக் கம்பியில் ஓட வேண்டியது 24 தான். ஆனால் அதற்கு வாய்த்த அண்டை வீட்டுக்காரன் 230. கம்பியின் தோலைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே ஓடும் வோல்ட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், நாளைக்கு யார் குடிவரக்கூடும் என்றும் பார்க்க வேண்டும். தனிப் பைப், தனி ட்ரே; அதுவே முறை. குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர்கோணத்தில் கடந்து விலகிவிடுங்கள். அமெரிக்கச் சட்டம் பவர் கம்பியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியிருக்கச் சொல்கிறது.

அந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டு நான் வியந்ததுண்டு. கரண்ட் அளவுக்குக் கட்டுப்பாடு விதித்த தீ எச்சரிக்கை லைனுக்கு 300 வோல்ட்டாவது தாங்கும் தோல் வேண்டும், கட்டுப்பாடற்ற லைனுக்கு 600 வோல்ட் என்று நியமித்துவிட்டு, முதல் வகைக் கேபிளின் மேல் அந்த 300-ஐ அச்சிடக் கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். காரணம் என்ன தெரியுமா? அச்சிட்டால் எவனாவது அதை எடுத்து லைட்டுக்கும் பவருக்கும் மாட்டிவிடுவான் என்ற பயம். மனுஷ சுபாவம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்! நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை; 1100 என்று அச்சிட்ட கம்பியே எங்கும் கிடைக்கிறது, விலை வித்தியாசமும் பெரிதல்ல. ஆகையால் அதையே போடுங்கள்; கன்ட்யூட்டில் இழுக்கும்போது கீறலைத் தாங்குவதற்கும் அந்தத் தோல் பயன்படும்.

கம்பிக்கு மட்டுமல்ல, அதன் முனையில் மாட்டும் சாமானுக்கும் வோல்ட் வரம்பு உண்டு. பேனலில் இருக்கும் குட்டி ரிலேயின் முதுகில் 30 வோல்ட் டி.சி., 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கும்போது, லிப்டை இறக்குவதற்கும் ஏ.சி.யை நிறுத்துவதற்கும் 230 வோல்ட்டை நேரே அதன் வழியாக விடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். முதல் நாள் வேலை செய்யும். பிறகு காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். நடுவே தகுந்த ரிலே ஒன்று வையுங்கள். 230 வோல்ட் சைரனை வாங்கி மாட்டிவிட்டுச் சத்தம் அதிகம் என்று மெச்சிக்கொள்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? தீப்பிடித்ததும் எவனோ ஒருவன் மெயினை இறக்குவான். அந்த க்ஷணமே அது ஊமை.

கடைசியாக, தீயே அந்தக் கம்பியின் மேல் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். எஃப்.ஆர்.எல்.எஸ். என்று அச்சிட்ட கம்பி தீயைப் பரப்பாது, புகையையும் குறைவாக விடும். ஆனால் தீயில் கிடந்தபடி வேலை செய்யும் என்று அந்த நான்கு எழுத்தும் சத்தியம் செய்யவில்லை. சாதாரண பி.வி.சி. தோல் 70 டிகிரியில் வேலை செய்யப் படைக்கப்பட்டது. 2018-ல் வெளியான ஐ.எஸ். 17048 சொல்லும் ஹாலஜன் இல்லாத தோல் மூச்சுக்கு நல்லது. இருந்தாலும் அதுவும் பிழைத்து நிற்கும் கம்பி ஆகிவிடாது. பிழைத்து நிற்பது வேறு ஜாதி. பி.எஸ். 6387 என்னும் பிரிட்டிஷ் பரீட்சையில் சி, டபிள்யூ, இஸட் என்ற மூன்று எழுத்தையும் வாங்கிய கேபிள், 950 டிகிரியில் 3 மணி நேரம் வெந்தும், தீயோடு தண்ணீர் பட்டும், தீயோடு அடி வாங்கியும் லைனை அறுக்காமல் இருந்து காட்டியது. செம்புக் குழாய்க்குள் மக்னீசியம் ஆக்சைடு மாவை இறுக்கி அதன் நடுவே செம்புக் கம்பி வைத்த கேபிள் இன்னும் பழையது. அதில் எரிவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் முனையை முத்திரை வைத்து மூடாவிட்டால் மாவு ஈரம் குடித்துவிடும், விலையும் கையைக் கடிக்கும். எல்லா லைனுக்கும் இதை நான் கேட்கவில்லை. டிடெக்டர் லைன் செய்தியைச் சொல்லிவிட்டு எரிந்துபோகலாம். ஹூட்டர் லைன் அப்படிப் போகக்கூடாது. அது தையல் கூடத்தின் தீயைக் கடந்து விடுதிக்கு எட்ட வேண்டியது.

அப்படிப் பிழைத்து நிற்கும் கேபிளிலும் ஓம் விடாது. 950 டிகிரியில் செம்பின் ஓம் நாலரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். 180 மீட்டரில் 10 மீட்டர் மட்டும் தீயில் கிடந்தாலும் அது 46 மீட்டர் போல நடந்துகொள்ளும். 2.5 போட்டிருந்தால் அதனால் இன்னும் அரை வோல்ட் போய், கடைசி ஹூட்டருக்கு 17 மிஞ்சும், 1.5 போட்டவனுக்கு 15-க்குக் கீழே. கம்பியின் ஸ்கொயர் எம்.எம்.மைத் தீர்மானிக்கிறவன் கொளுத்தும் மே மாதத்தையும், சோர்ந்த பேட்டரியையும், வழியில் எரியும் தீயையும் ஒரே ராத்திரியில் ஒன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2189, 2008-ல் திருத்திய பதிப்பு, இந்த வேலைக்கான நடைமுறைக் கோவை. 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நான்காம் பாகமும் தீப் பாதுகாப்பைப் பற்றியது. இரண்டையும் கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். இங்கிலீஷ் தடுக்குமானால் படித்த தம்பி ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புத்தகம் வருவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் யாசிக்கிறேன். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காலையில் பேனலின் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். மறுநாள் கண்ணாடிப் பெட்டியை அழுத்திவிட்டு, முதலாளியோடு வாட்ச்மேன் அறையில் நிற்காமல், மீட்டரை எடுத்துக்கொண்டு கடைசி ஹூட்டருக்குக் கீழே போய் நில்லுங்கள்.

அந்த விடுதிக்கு என் செலவில் 2.5 ஸ்கொயர் எம்.எம். இழுத்துக் கொடுத்தேன். பேனல் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: கரண்ட் இல்லாமல் 24 மணி நேரத்துக்குப் பின், பேனலில் 23.1, மூன்றாவது மாடிக் கடைசி ஹூட்டரில் 20.3.

உங்கள் பழைய சகா